விழும் அச்சத்துக்கு உடற்பயிற்சி மருந்தா?

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் விடியற்காலையில் நடப்போரைப் பார்த்தால், முதுமை அவ்வளவு துன்பமானதன்று என்றே தோன்றும். எழுபதைத் தாண்டியவர்கள் கை வீசி நடப்பதைக் காணலாம். ஆனால் அங்கே நாம் காணாதவர்களும் உண்டு. கடற்கரைக்குச் சில தெருக்கள் தள்ளி, இரண்டாவது மாடியில் என் அம்மா இருக்கிறார். வயது 76. மூன்று ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, இடுப்பில் ஒரு கன்றலோடு போயிற்று. ஆனால் அன்றோடு மாடிப்படி இறங்குவது நின்றது. பின்னர் கொடியில் துணி உலர்த்துவதும் நின்றது. விழுந்தது ஒரே முறை. விழுவோமென்ற அச்சமோ நாள்தோறும்.

இவ்வச்சத்தை உடற்பயிற்சி போக்குமா? இக்கேள்விக்கு விடை தேடி, பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெனிஸ் கென்ட்ரிக்கும் அவருடைய குழுவினரும் 2014-ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பின் வழியாக ஓர் ஆய்வுத் தொகுப்பை வெளியிட்டனர். 30 ஆய்வுகள், அவற்றில் பங்கேற்ற முதியோர் 2,878 பேர். தை சி, யோகா, சமநிலைப் பயிற்சி, தசை வலுப் பயிற்சி ஆகியவை ஆராயப்பட்டன. இன்றும் இத்துறையில் எடுத்துக்காட்டப்படும் இத்தொகுப்பை நம் வீடுகளை மனத்தில் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முடிவு என்ன?

பயிற்சி முடிந்த உடனே அளந்து பார்த்தபோது அச்சம் ஓரளவு குறைந்திருந்தது. அவர்கள் தரும் அளவு 0.37. மாணவர் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 10 என இருக்கும் ஒரு வகுப்பில், தனிப்பயிற்சி பெற்றோரின் சராசரி ஏறத்தாழ நான்கு மதிப்பெண் கூடியது போன்றது இது. சிறிய பயன்தான், ஆனால் பயனே இல்லையென்று தள்ளிவிட முடியாது. இப்பயன் பல மாதங்களுக்கு நிலைக்குமா என்பதற்குப் போதிய சான்று இல்லையென்று ஆசிரியர்களே ஒப்புக்கொள்கின்றனர். சான்றின் தரம் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. இந்த நேர்மை பாராட்டத்தக்கது.

மூன்று குறைகள்

முதற்குறை, சோதிக்கப்பட்டவர்கள் யார் என்பது. 30 ஆய்வுகளில் 12 மட்டுமே விழும் அபாயம் மிகுந்தோரைத் தேர்ந்தெடுத்தன. அந்த 12-லும், அபாயத்தோடு அச்சமும் உடையவர்களைத் தேர்ந்தெடுத்தவை மூன்றே. காய்ச்சல் மருந்தைக் காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் கொடுத்துவிட்டு, 'வெப்பம் சிறிதே குறைந்தது' என்று எழுதினால் அம்மருந்தின் உண்மையான ஆற்றலை எப்படி அறிவது? 0.37 என்னும் எண், படியிறங்க நடுங்கும் ஒருவரைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

இரண்டாவது, அளக்கும் முறை. மாத்திரையைச் சோதிக்கும்போது ஒரு பகுதியினருக்கு வெறும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து உண்மையை மறைக்கலாம். உடற்பயிற்சியை அப்படி மறைக்க இயலாது. பயிற்சி செய்தவருக்குத் தாம் செய்தது தெரியும். அச்சம் குறைந்ததா என்பதும் அவர் வாய்மொழியாலேயே அறியப்படுகிறது. பன்னிரண்டு வாரம் அன்போடு சொல்லிக்கொடுத்தவரிடம், 'பயம் அப்படியேதான் இருக்கிறது' என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

மூன்றாவது குறையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இத்துறையில் மிகுதியாகப் பயன்படும் கேள்வித்தாள்களுள் ஒன்றில் 16 கேள்விகள் உண்டு. குளிக்கும்போது, படி ஏறும்போது, ஒலிக்கும் தொலைபேசியை எடுக்க விரையும்போது விழுந்துவிடுவோமென்ற கவலை எவ்வளவு என்று அது கேட்கிறது. தரையில் உட்கார்ந்து எழுவதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. குந்தி உட்காரும் கழிப்பறை, நிலைப்படி, குனிந்து போடும் வாசற்கோலம், 29சி பேருந்தின் உயரமான படி ஆகியவை அத்தாளில் இல்லை. நம் முதியோரின் அச்சம் குடியிருக்கும் இடங்களோ இவையே.

அச்சம் எப்போதும் பிழையா?

நிமிர்ந்து நிற்கும் மனிதன் உள்ளங்கையில் நிறுத்திய கம்பைப் போன்றவன். அவனது புவியீர்ப்பு மையம் ஏறக்குறைய 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அதைத் தாங்கும் பரப்போ இரு பாதங்களின் அளவே. உடல் சற்றே சாய்ந்து, திருத்தப்படாமல் விடப்பட்டால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வினாடிக்குள் அச்சாய்வு இரண்டரை மடங்குக்கு மேலாகிவிடும். அதற்குள் கண், உட்செவி, பாதங்கள் ஆகியவற்றின் செய்தி மூளைக்குச் சென்று, கால் தசைகள் இயங்கியாக வேண்டும். முதுமையில் இச்செய்தியும் தாமதம், தசையும் மெலிவு.

எனவே ஈரத்தரையைக் கண்டு அஞ்சுபவர் தவறாகக் கணக்கிடவில்லை. தொகுப்போ அச்சத்தைக் குறைக்கவேண்டிய ஒன்றாகவே பார்க்கிறது. தரை வழுக்குகிறதென்றால் மாற்றவேண்டியது தரையை அல்லவா? ஆயினும் அச்சம் எல்லை மீறும்போது உடல் விறைக்கிறது, அடிகள் குறுகுகின்றன, விறைத்த உடல் சாய்வை விரைந்து திருத்த மாட்டாது. நடை குறையக் குறையத் தசை மெலிகிறது. அப்போது, மிகையாயிருந்த அச்சம் மெய்யாகிவிடுகிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இத்தொகுப்பில் நம் குடும்பங்களுக்கு மிகவும் தேவையான செய்தி வேறொன்று: பயிற்சி செய்ததால் முதியோர் கூடுதலாக விழவில்லை. "அம்மா, நீ உட்காரு, நான் எடுத்துத் தர்றேன்" என்று நாள்தோறும் சொன்னவன் நான். அன்பென்று எண்ணிச் செய்தது அவருடைய கால் வலுவைக் கரைத்திருக்கிறது என்பதை இயற்பியல் கற்பிக்கும் நானே காணத் தவறினேன்.

2019-இல் வெளிவந்த மற்றொரு காக்ரேன் தொகுப்பு இதை மேலும் உறுதிப்படுத்துகிறது. 108 ஆய்வுகளையும் 23,407 பேரையும் கொண்ட அத்தொகுப்பின்படி, உடற்பயிற்சி விழும் நிகழ்ச்சிகளை 23 விழுக்காடு குறைக்கிறது. இதில் முதன்மையானவை சமநிலைப் பயிற்சியும், நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சியும் ஆகும். வெறும் நடைப்பயிற்சியின் பயன் உறுதியாகவில்லை. 'கடற்கரையில் நாலு சுற்று நடந்தால் போதும்' என்னும் பெசன்ட் நகர் அறிவுரை இங்கே சற்றுத் தடுமாறுகிறது.

உடல் மிக நலிந்தவர்கள் இவற்றைத் தாமாகத் தொடங்கலாகாது. 1978-ஆம் ஆண்டிலேயே சென்னைப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கிய நகரம் இது. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது. கேட்டறிய இடமில்லை என்று நாம் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டுக் குளியலறையில் இப்போது கைப்பிடிக் கம்பி இருக்கிறது. இயன்முறை மருத்துவர் சொன்னபடி, அம்மா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நாள்தோறும் குதிகாலை உயர்த்தி இறக்குகிறார். சென்ற மாதம் தெரு முனை வரை வந்தார். ஈரத்தரையைக் கண்டால் இன்னும் அஞ்சுகிறார், அஞ்சட்டும். முதியோரின் அச்சத்தை அளக்க விரும்பும் நம் ஆராய்ச்சியாளர்கள், முதலில் அவர்கள் நடக்கும் தரையையும் தெருவையும் அளந்துவிட்டுக் கேள்வித்தாளை எழுதுவார்களாக.