ஓசி டைமண்டும் வீட்டுப் போனும்

‘பைசா செலவில்லாம டைமண்ட் ஏத்தலாம்’ என்று ஏபிகே லிங்க்கோடு வரும் வீடியோக்களைக் கொஞ்ச நாளாகப் பார்த்து வருகிறேன். எங்க தருமபுரத்துப் பசங்க போனிலும் இவைதான் சுற்றுகின்றன. திருட்டு சரியா தப்பா என்பது இருக்கட்டும். இவர்கள் சொல்வது தொழில்நுட்பப்படி நிற்குமா?

முதலில் ஜெனரேட்டர். ஃப்ரீ ஃபயரில் உங்களிடம் எத்தனை டைமண்ட் என்ற கணக்கு உங்க போனில் இல்லை, கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. பாஸ்புக்கில் பேனாவால் ஒரு சைபர் சேர்த்தால் பேங்க்கில் பணம் ஏறுமா? அதே கதைதான். அது கேட்கிற லாகினும் பாஸ்வேர்டும்தான் அங்கே வியாபாரம்.

கம்ப்யூட்டர் கேம்களுக்கான டிஎல்சி அன்லாக்கர் வேறு ரகம். அது நிஜமாவே வேலை செய்யும், ஆபத்தும் அதனால்தான் கூடுதல். பல கேம்களில் காசு கட்ட வேண்டிய பகுதியின் ஃபைல்கள் ஏற்கெனவே டிஸ்க்கில் இறங்கியிருக்கும். ‘இவர் வாங்கிட்டார்’ என்று பொய் சொல்லும் ஒரு டிஎல்எல் ஃபைலை மாற்றி வைத்தால் திறந்துகொள்ளும். திறந்ததும் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. அதே ஃபைல் பின்னால் பாஸ்வேர்டையும் திருடினால் யாருக்குத் தெரியும்?

ஆன்டிவைரஸ் கத்தினால், ‘அது சும்மா தவறான எச்சரிக்கை, ஆஃப் பண்ணிடுங்க’ என்கிறார்கள். சில நேரம் அது உண்மைதான். ஆனால் எப்போது உண்மை, எப்போது பொய் என்று பிரித்துப் பார்க்க இறக்குகிறவருக்கு வழி இல்லை. 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மாட்களுக்குப் பேர்போன கர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலேயே ஃபிராக்சரைசர் என்ற மால்வேர் புகுந்து, பிரவுசர் குக்கிகளையும் டிஸ்கார்ட் லாகின்களையும் திருடியது. அங்கேயே அப்படி என்றால், டெலிகிராமில் வரும் ஜிப் ஃபைலை எதை வைத்து நம்புவது?

இந்தப் பழக்கம் பரவியதில் அரசின் தடைகளுக்கும் பங்குண்டு என்பேன். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர். விளையாட்டை விட மனசில்லாதவங்க பிளே ஸ்டோருக்கு வெளியே ஏபிகே தேடி, கேட்ட அனுமதிக்கெல்லாம் ‘அலவ்’ தட்டப் பழகினாங்க.

நம்ம பக்கம் பையன் விளையாடுற போன் பெரும்பாலும் அப்பாவோடது. ஜிபே அதில்தான், ஓடிபி வருவதும் அதில்தான். கேம் ஆடுவதற்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி எதற்கு? அக்சஸிபிலிட்டி அனுமதி எதற்கு? முதலாவது ஓடிபியைப் படிக்கும், இரண்டாவது திரையைப் பார்த்து நமக்குப் பதிலாகத் தொடும். ஸ்கின்னுக்குக் கொடுக்காத காசு அப்பா கணக்கிலிருந்து போகும்.

இந்த இரண்டையும் கேட்கிற கேம் ஏபிகேயை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்தாச்சா? நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே பேங்க்குக்கும் 1930-க்கும் சொல்லுங்கள். நம் கவனக்குறைவால் போன பணம், பேங்க்குக்குத் தகவல் சொல்லும் வரை நம் தலையில்தான் என்றது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. பையன் பயந்து மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம்.