தீட்சிதர் வழியும் காஞ்சி மண்ணும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளைக் கடந்து மேற்கே போகும் சாலைகள் காஞ்சிபுரத்தை அடைகின்றன. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சில காலம் தங்கியிருந்து கிருதிகள் இயற்றிய தலம் அது. பஞ்சபூதத் தலக் கிருதிகளுள் பிருதிவிக்குரிய ‘சிந்தய மாகந்த மூலகந்தம்’ ஏகாம்பரநாதர் மீது பைரவியில் அமைந்தது.

திருவாரூரில் பிறந்த அவருக்குத் தந்தை ராமசுவாமி தீட்சிதரே முதல் ஆசான். அம்சத்வனி ராகத்தை உருவாக்கிய ராமசுவாமி, வேங்கடமகி மரபில் பயின்றவர். குடும்பம் மணலியில் வாழ்ந்தபோது ஆங்கிலேயரின் பேண்டு இசை மகனின் காதில் விழுந்தது. அதிலிருந்து நோட்டுஸ்வர சாகித்தியங்கள் பிறந்தன. தம்பி பாலுசுவாமி வயலின் கற்றதும் அக்காலத்தில்தான். சிதம்பரநாத யோகியுடன் காசியில் கழித்த ஆண்டுகள் வடநாட்டு இசையை நெருங்கிக் கேட்க வைத்தன. ஹமீர் கல்யாணியிலும் பிருந்தாவன சாரங்காவிலும் அந்தச் சாயல் தெரியும்.

இத்தனை வந்து சேர்ந்தும் தீட்சிதர் வழி தன் இலக்கணத்தை விடவில்லை. சௌக்க காலம், வீணைக்கு இசைந்த கமகம், சமஷ்டி சரணம், இறுதியில் மத்தியம கால சாகித்தியம், ‘குருகுஹ’ முத்திரை ஆகியவை அதன் அடையாளங்கள். அவர் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’, கமகக் குறிகளோடு அந்த இலக்கணத்தை எழுத்தில் நிறுத்தியது.

பாடமோ பல கிளைகளாகப் பரவியது. தஞ்சை நால்வர் தீட்சிதரிடமே கற்றார்கள். சாத்தனூர் பஞ்சு ஐயர் வழியாக வீணை தனம்மாள் இல்லத்துக்கு அது வந்தது. தனம்மாளின் பேத்தியர் பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடமும் பயின்றவர்கள். சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதரிடம் கற்ற கிருதிகளை, காஞ்சியில் வளர்ந்த டி.கே. பட்டம்மாள் (1919–2009) மேடைதோறும் பாடினார். தனம்மாள் இல்லத்தில் நுண்கமகம் முதன்மை. பட்டம்மாளிடம் சொல் தெளிவும் தாளக் கட்டும் முதன்மை. இரண்டிலும் காலப்பிரமாணம் குலையாது.

நம் வட்டாரத்தில் இன்று பல மாநிலத்தவரும் அயல்நாட்டவரும் சேர்ந்து வாழ்கிறார்கள். தீட்சிதர் காட்டிய வழி நமக்கு ஏற்றது: எந்த இசைக்கும் காதைத் திறந்து வைக்கலாம், நம் இசையைப் பாடும்போது அதன் இலக்கணத்தில் இம்மியும் தளரக் கூடாது. பிள்ளைகளுக்குப் பத்துப் பாட்டை அவசரமாகக் கற்பிப்பதைவிட, ஒரு சௌக்க காலக் கிருதியை அதற்குரிய நிதானத்தில் முழுமையாகக் கற்பிப்பதே இம்மரபுக்கு நாம் செய்யக்கூடிய சரியான தொண்டு.