சமூகப்பணிக் கல்வியில் முஸ்லிம்: பயனாளி மட்டும்தானா?

சமூகப்பணி முதுகலை பயின்ற காலத்தில், களப்பணிக்காக ஒரு பீடித் தொழிலாளர் குடியிருப்புக்கு நாம் அனுப்பப்பட்டோம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய சிறுமி ஒருத்தியின் தாய், உயர்நிலைப் பள்ளியின் தொலைவையும், மகளும் பீடி சுற்றாவிட்டால் வாரக் கூலி போதாது என்பதையும் நம்மிடம் எடுத்துரைத்தார். கள ஏட்டைப் பார்வையிட்ட ஆசிரியர் அவ்விரண்டையும் அடித்துவிட்டு, 'மதக் கட்டுப்பாடு' என்று எழுதப் பணித்தார். "உங்கள் மக்களைப் பற்றி உங்களுக்கே தெரியாதா?" என்றும் கேட்டார். நாமும் அவ்வாறே எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம். அந்த மதிப்பெண் இன்றும் நம்மை உறுத்துகிறது.

நம் சமூகத்தில் பெண்கல்விக்கு எதிரான மனப்போக்கே இல்லை என்று நாம் வாதிடவில்லை. இருக்குமிடத்தில் அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால், தாய் சொன்னதை அழித்துவிட்டு அவ்விடத்தில் அதை எழுதுவது ஆய்வாகாது.

இதனைத் தனியொருவரின் காழ்ப்பென ஒதுக்கிவிடவும் இயலாது. நாம் பயின்ற பாடநூல்கள் 1601ஆம் ஆண்டின் ஆங்கிலேய வறியோர் சட்டத்தில் தொடங்கி, 1917இல் மேரி ரிச்மண்ட் எழுதிய 'சமூக நோயறிதல்' நூல் வழியாகத் துறையின் வரலாற்றைச் சொல்லின. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் நிறுவி, வக்ஃப் வருவாயால் நடந்த பெரும் மருத்துவமனைக்கு அவ்வரலாற்றில் இடமில்லை. ஸகாத் 'தர்மம்' என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள், அதனைத் திரட்டிப் பங்கிடும் பணியாளரும் ஒரு வகையினர். ஊதியம் பெற்றுச் சமூகப்பணி செய்வோர் மேற்குலகில் 19ஆம் நூற்றாண்டில்தான் தோன்றினர் என்ற கூற்றை இது ஒன்றே கேள்விக்கு உள்ளாக்கும்.

இந்தியாவில் இக்கல்வியின் முதற்பள்ளி 1936இல் மும்பையின் நாக்பாடாவில் தொடங்கியது. முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதி அது. அங்குள்ள சமூக இல்லத்தை நடத்திவந்த கிளிஃபர்ட் மான்ஷார்ட்டே பள்ளியின் முதல் இயக்குநர். முஸ்லிம் தெரு இத்துறைக்குக் களமானது. முஸ்லிம் சிந்தனையோ பாடமாகவில்லை. தலித், பழங்குடி அறிஞர்கள் இதே குறையை எதிர்த்து வாதாடித் தமக்கெனப் பாடப்பிரிவுகளையே உருவாக்கினர். நாமோ வாளாவிருந்தோம்.

பழியைப் பிறர்மீது மட்டும் சுமத்துதல் நீதியாகாது. பதிவுபெற்ற வக்ஃப் சொத்துகள் 4.9 லட்சத்துக்கும் மேல், நிலம் ஏறத்தாழ 6 லட்சம் ஏக்கர் என 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை கணக்கிட்டது. இத்தனை வளமிருந்தும், பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர் ஒருவரையேனும் அமர்த்திய மஹல்லாக்கள் எத்தனை? நம் வீட்டுக் கதையை நாம் எழுதி வைக்காதபோது, பிறர் எழுதியதே ஆவணமாகிறது.

இத்துறைக்கு வரும் நம் பிள்ளைகள் மதிப்பெண் குறைந்தாலும் குறையட்டும். அந்தத் தாய் சொன்ன இரண்டு காரணங்களையும் முதலில் எழுதட்டும்.