'ஊட்ஸ்' என்னும் சொல்லும் உருக்கு வரலாற்று ஆய்வும்

பெங்களூருவின் வடகிழக்கில் அமைந்த லிங்கராஜபுரம், தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கும் பகுதியாகும். தமிழர் 'உருக்கு' என்பதைக் கன்னடர் 'உக்கு' என்பர். இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்பதை இருமொழி அறிந்தோர் செவியாலேயே உணர இயலும். ஆனால் அதே நகரில் நிகழும் உலோக வரலாற்று ஆய்வும், உலகெங்கும் உள்ள உலோகவியல் நூல்களும் இப்பொருளை 'ஊட்ஸ்' என்னும் பெயராலேயே சுட்டுகின்றன. எந்த இந்திய மொழியிலும் எஃகின் பெயராக வழங்காத இச்சொல் எவ்வாறு தோன்றியது என்பதும், அது தமிழுக்குப் பெயர்க்கப்படும்போது எது இழக்கப்படுகிறது என்பதும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத வேண்டிய வினாக்களாகும்.

சொல்லின் தோற்றம்

பம்பாயில் இருந்த மருத்துவர் ஹீலனஸ் ஸ்காட், இலண்டன் இராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு இவ்வெஃகின் மாதிரிகளை 1794இல் அனுப்பினார். அவற்றை ஆராய்ந்த ஜார்ஜ் பியர்சன் 1795 ஜூன் 11ஆம் நாள் அக்கழகத்தின்முன் ஒரு கட்டுரை படித்தார். பம்பாயில் செய்யப்பட்டு அங்கு 'ஊட்ஸ்' என வழங்கும் எஃகு என்று அக்கட்டுரையின் தலைப்புக் கூறுகிறது. எனினும் இவ்வெஃகிற்குப் பெயர்பெற்றவை மைசூர், சேலம், தக்காணப் பகுதிகளே. பம்பாய் அது கப்பலேறிய துறைமுகம். ஆகவே முதற்குறிப்பிலேயே இடம் பிறழ்ந்துள்ளது. பெயரும் பிறழ்ந்ததா என்பது அடுத்து எழும் வினா.

1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் சொற்களஞ்சியத்தில் ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் இவ்வினாவை எழுப்பினர். கன்னட 'உக்கு' என்பதை எழுதிய ஆங்கில வடிவம் பிழையாகப் படியெடுக்கப்பட்டோ படிக்கப்பட்டோ 'ஊட்ஸ்' ஆகியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. எட்வர்ட் பால்ஃபர் வேறொரு விளக்கம் தந்தார். உயர்ந்த தரத்தைக் குறிக்கும் 'உச்ச' என்னும் சொல்லைப் பொருளின் பெயராகப் பிறழ உணர்ந்தனர் என்பது அவர் கொள்கை. யூலும் பர்னலும் இதனையும் எடுத்துக்காட்டி, முதல் விளக்கமே பொருத்தமானது என்று முடித்தனர்.

ஒலியியல் நோக்கில் இம்முடிவு ஏற்கத்தக்கது. கன்னடப் பேச்சில் மொழிமுதல் உகரத்தின்முன் வகரச் சாயல் தோன்றும்; ஆங்கில எழுத்தில் அது இடம்பெற்றது இயல்பே. ஆனால் ககர இரட்டிப்பு 'ட்ஸ்' ஆவதற்குக் கன்னட ஒலிமாற்றத்திலோ ஆங்கில ஒலிமரபிலோ காரணம் காண்பது அரிது. எனவே இச்சொல்லின் முற்பகுதி செவிவழி வந்தது. பிற்பகுதி கண்வழிப் பிழையால் அமைந்தது எனலாம். 'ஊட்ஸ்' என்பதை 'உக்கு' என்பதன் ஆங்கில வடிவம் என்று மட்டும் கூறிச் செல்லும் உலோகவியல் நூல்கள் ஒலிபெயர்ப்பையும் எழுத்துப்பிழையையும் வேறுபடுத்துவதில்லை. சுவடிப் பதிப்பில் ஏடெழுதுவோர் பிழைக்கும் உண்மைப் பாடவேறுபாட்டுக்கும் உள்ள அதே வேறுபாடு இங்கும் உண்டு.

சொல்லும் செய்முறையும்

பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984) தமிழ் 'உருக்கு', கன்னட 'உர்கு', 'உக்கு', தெலுங்கு 'உக்கு' ஆகியவற்றை 'உருகு' என்னும் வினையின்கீழ்த் தொகுத்துள்ளது. தன்வினையாகிய 'உருகு' பிறவினையில் 'உருக்கு' என இரட்டித்து, அதுவே முதனிலைத் தொழிற்பெயராகி, பின்னர்த் தொழிலாகுபெயராய்ப் பொருளைக் குறித்தது. கன்னடத்தில் இடைரகரம் பின்வந்த ககரத்தோடு ஓரினமாகி 'உக்கு' ஆயிற்று.

இப்பெயர் பொருளின் வலிமையையோ கூர்மையையோ சுட்டவில்லை, செய்முறையைச் சுட்டுகிறது. இது கருதத்தக்கது. பழைய உலைகளில் இரும்பு பொதுவாக உருகுவதில்லை. கசடு கலந்த கட்டியாகவே கிடைக்கும். அதனை அடித்துத் தூய்மை செய்வர். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் 1839இல் வெளியிட்ட குறிப்பு, அவ்விரும்பை எஃகாக்கும் முறையை விளக்குகிறது. இரும்புத் துண்டுகளை உலர்ந்த ஆவார மரத்துண்டுகளோடு மூசையிலிட்டு, எருக்கு முதலியவற்றின் பச்சிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பர். மரத்தின் கரி இரும்பில் ஏற ஏற அதன் உருகுநிலை குறையும்; இரும்பு உருகி எஃகுக்கட்டி கிடைக்கும். ஏறத்தாழ 1.5 விழுக்காடு கரி இவ்வெஃகின் இயல்பு. மைக்கேல் ஃபாரடே 1819இல் இதன் சிறப்புக்கு அலுமினா, சிலிக்கா ஆகியவற்றின் கலப்பைக் காரணமாகக் கருதினார்; கரியே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உருக்கப்பட்டது என்னும் அடிப்படைச் செய்தியைத் தாங்கியது தென்னிந்தியப் பெயர். பிழைபட்ட பெயரோ எதனையும் உணர்த்தவில்லை.

எனினும் சொல்லாய்வின் எல்லையையும் உணர வேண்டும். சொல் செய்முறையைக் காட்டும், காலத்தைக் காட்டாது. காலத்தை வரையறுக்க நொய்யலாற்றங்கரைக் கொடுமணல் அகழாய்வும், பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் சாரதா சீனிவாசன் கண்டறிந்து 1994இல் வெளியிட்ட மூசைச் சான்றுகளும் போன்ற பொருட்சான்றுகளே துணை. அவரும் எஸ். ரங்கநாதனும் எழுதி 2004இல் பெங்களூருவிலிருந்து வெளிவந்த நூல், பயணக் குறிப்புகளையும் உலோகச் சோதனைகளையும் ஒருங்கே வைத்துக் காட்டியது. அதன் பயன் பெரிது. ஆயினும் 'ஊட்ஸ்' என்னும் பெயரே அந்நூலின் தலைப்பிலும் நிலைபெற்றுள்ளது. சொல்வரலாறு அத்தகைய நூல்களின் மையம் அன்று; அதனை நிறைவு செய்வது மொழியியலார் கடன்.

மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்

ஆங்கில நூலைத் தமிழாக்குவோர்முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது 'ஊட்ஸ் எஃகு' என எழுதுவது. இங்கிருந்து சென்ற சொல் பிழைபட்டுத் திரும்பி வந்து கடன்சொல்லாகத் தமிழில் அமர்கிறது. படிப்போர் அதனை அயல்நாட்டுத் தொழில்நுட்பம் என மயங்கவும் கூடும். இரண்டாவது 'எஃகு' என எழுதுவது. சங்க நூல்களிலும் திருக்குறளிலும் படைக்கருவியைக் குறித்து வழங்கிய இப்பழஞ்சொல் இன்று எல்லா வகை எஃகிற்கும் பொது. மூசையில் உருக்கியது என்னும் வேறுபாடு அதில் மறையும். மூன்றாவது 'உருக்கு' என எழுதுவது. இதுவே வேருக்கு நெருங்கியது. ஆனால் சேலம் உருக்காலை முதலிய வழக்குகளால் இச்சொல்லும் இன்று பேராலை எஃகையே நினைவூட்டுகிறது.

ஆகவே 'மூசை உருக்கு' என்னும் தொடர் பொருந்தும். பொற்கொல்லர் வழக்கில் உள்ள 'மூசை' தமிழர்க்குப் புதிதன்று. கன்னடத்திலும் 'மூசெ' என வழங்குகிறது. ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் உருவாக்கிய எஃகும் மூசையில் உருக்கியதே. ஆதலின் இரு நாட்டு முறைகளையும் ஒரே சொல்லால் ஒப்பிடவும், 'தென்னிந்திய' என்னும் அடைகொடுத்து வேறுபடுத்தவும் இத்தொடர் இடமளிக்கிறது. 'ஊட்ஸ்' என்பதை ஐரோப்பியர் இட்ட பெயர் ஆராயப்படும் இடங்களில் மட்டும் ஆளலாம்.

முடிவுரை

தொழில்நுட்ப வரலாற்றில் பெயரும் ஒரு சான்று. அச்சான்று 1795இல் பிறழ்ந்தது. 1886இல் அகராதியாளரால் ஐயுறப்பட்டது. இருந்தும் ஆய்வு நூல்களில் நீடிக்கிறது. உலோகவியலார் கரியின் அளவை ஆராய்வது போலவே மொழியியலார் எழுத்தின் பிறழ்ச்சியையும் ஆராய்தல் வேண்டும். இரு துறையும் கூடினாலன்றி, மூசையின்முன் அமர்ந்து உருக்கிய கொல்லனின் செய்முறை அவன் அறியாத பெயராலேயே எழுதப்படும். லிங்கராஜபுரம் போன்ற இருமொழிப் பகுதிகளில் இன்றும் ஒலிக்கும் 'உக்கு', 'உருக்கு' என்னும் இணை, இவ்வாய்வுக்கு எளிதில் எட்டும் முதற்சான்றாகும்.