குதிரைக்கு வெண்ணெய், மாட்டுக்குச் சுண்ணாம்பு

எஸ்.பி.எம். முடித்த தோட்டத்துப் பிள்ளை கால்நடை வளர்ப்பு டிப்ளோமாவுக்கு மனுப் போட்டால், “மாடு மேய்க்கவா படிப்பு?” என்று வீட்டிலேயே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சுங்கை ஆயர் தாவாரிலிருந்து கோல சிலாங்கூர் வரை, லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பால் கறந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்குத் தெரியாத எதைக் கல்லூரி சொல்லித் தந்துவிடப் போகிறது?

நிறையவே இருக்கிறது. தீவனத்தையே எடுத்துக்கொள்வோம். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் வணிகத்துக்காகச் செம்பனை பயிரிட்டார். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் அது. அந்த மரத்தின் விதைப்பருப்பில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்குதான் இன்று மலிவாகக் கிடைக்கும் தீவனம். புரதம் ஏறக்குறைய 14 முதல் 18 விழுக்காடு. மாடு அதைத் தின்று தேறும். செம்மறிக்கு அதையே முதன்மைத் தீவனமாக மாதக்கணக்கில் போட்டால் ஈரலில் செம்பு சேர்ந்துகொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. திடீரென ஒரு நாள் கண்ணும் ஈறும் மஞ்சள் பூத்து, மூத்திரம் கறுத்து, ஆடு விழும். யார் கண் பட்டதோ என்று எலுமிச்சம்பழம் சுற்றுவார்கள். செம்பைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம்தான் வேண்டியிருந்தது.

மடிநோயும் அப்படித்தான். முதல் பீச்சைக் கறுப்புக் கோப்பையில் விட்டுத் திரி தட்டுகிறதா என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் பல மடிகள் பிழைத்திருக்கும். கொட்டகையில் ஒரே பொலிகாளை, தனக்குப் பிறந்த கிடேரிகளையே சேர்வதும் நடந்தது. ஏடு எழுதி வைக்காத வளர்ப்பில் இது தெரியவே தெரியாது.

ஆனால் மாட்டைப் பார்க்கும் பார்வையில் கல்லூரிப் படிப்பு சறுக்குகிறது. அது தெரிய, பக்கத்திலிருக்கும் குதிரை லாயத்துக்குப் போகவேண்டும். சிலாங்கூரில் வேளாண் படிப்பு என்றால் செர்டாங்தான்: 1931இல் பள்ளி, 1947இல் கல்லூரி, 1971இல் பல்கலைக்கழகம். அந்த வளாகத்தில் குதிரைகளும் உண்டு. குதிரை பராமரிப்பு எங்கே கற்பித்தாலும் ஒழுங்கு ஒன்றே. காலையில் நான்கு குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுரண்டவேண்டும். நாற்றம் வந்தால் ஈரப் படுக்கையால் குளம்பு அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஈற்றை விரலால் அழுத்தி நிறம் திரும்பும் வேகத்தைப் பார்க்கவேண்டும். விலாவில் இருபுறமும் காதுவைத்துக் குடல் இரைச்சலைக் கேட்கவேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே வயிற்றுவலி உயிருக்கே உலைவைக்கும். நம் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். அதைத் தொட்டுப் பார்த்துத்தான் அறியமுடியும்.

மாட்டுப் பாடத்துக்கு வந்தால் மந்தைச் சராசரி, தீவனத்துக்கு எத்தனை கிலோ எடை, ஈற்று இடைவெளி எத்தனை நாள் என்று எல்லாம் அட்டவணை. இவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பசு பருவத்தில் நிற்பது பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும்; காலையில் கண்டால் மாலையில் சினை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்பது விதி. திமில் மாடுகளோ பல சமயம் இரவில், கத்தாமல் கொள்ளாமல் பருவத்தைக் கடத்திவிடும். சராசரி எதுவும் அதைக் காட்டிக்கொடுக்காது. வாலடியில் தெளிந்த கோழை, அன்று காலை கொஞ்சம் குறைந்த பால், தீவனத்தில் நாட்டமின்மை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கண்தான் காட்டும். கொட்டகைப் பெண்களுக்கு அந்தக் கண் இருந்தது. லாயத்தில் குதிரைக்குப் பழக்குவதும் அதே கண்தான். மாட்டுக்கு மட்டும் ஏன் சுண்ணாம்பு?

குதிரையைத் தொழிலாக நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. 1842இல் தொடங்கிய சிங்கப்பூர் குதிரைப் பந்தய மன்றம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயத்தை ஓட்டியது. பினாங்கிலும் 2025இல் பந்தயம் நின்றது. 2008இல் உலக நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டியைத் திரெங்கானு நடத்தியது பெருமைதான். அதை நம்பி எத்தனை பேர் சம்பளம் வாங்கமுடியும்?

இனி நிலம். டிப்ளோமாவோடு திரும்பும் பிள்ளைக்கு மேய்ச்சல் எங்கே? தோட்டம் கம்பெனியுடையது. மாடு இளம்செம்பனையின் மட்டையைத் தின்னும், மண்ணை மிதித்து இறுக்கும் என்று நிர்வாகம் சொல்வதில் உண்மை உண்டு. மரம் வளர்ந்து மட்டைகள் கூடிவிட்டால் வெயில் இறங்காமல் புல்லும் குறையும். மின்வேலி போட்டுக் கட்டம் கட்டமாக மேய்த்தால் களையெடுப்புச் செலவு மிஞ்சும் என்பதும் உண்மைதான். ஆனால் எந்த வயது மரத்தடியில் எத்தனை மாடு, பட்ட மரத்துக்கு யார் பொறுப்பு, மிச்சப்படும் களைக்கொல்லிக் காசில் யாருக்கு எவ்வளவு என்று எழுத்தில் பேசி முடிக்கத் தெரிந்தவர்தான் நிர்வாகியின் மேசை முன் உட்காரமுடியும். இதற்கு முழுசாக ஒரு பருவம் ஒதுக்கலாம். நேரம் போதாது என்றால் குதிரைப் பாடத்தில் எடுத்துக்கொள்ளட்டும்: லாய வேலை இருக்கட்டும், சவாரி போகட்டும்.