தோற்ற தெய்வங்களை வாசித்தல்

இஸ்லாத்துக்கு முந்திய அரேபியாவின் சமயம் பற்றி நீண்டகாலமாக நமக்குக் கிடைத்துவந்தவை பெரும்பாலும் அச்சமயத்தை வென்றவர்கள் எழுதிவைத்தவையே. தமிழிலும் அக்காலத்தை 'அறியாமைக் காலம்' என்றே எழுதுகின்றோம். பெயரிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்ட ஒரு மக்களின் வழிபாட்டை எவ்வாறு ஆய்வது?

இங்கு பிரதான சாட்சி, கூஃபா நகரத்தவரான ஹிஷாம் இப்னு அல்-கல்பி. 819 அளவில் மறைந்த இவரது 'சிலைகளின் நூல்', முகம்மது நபி மறைந்து (632) ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்தின் பின் எழுந்தது. அதில் லாத் என்னும் பெண்தெய்வம் தாயிஃபில் நின்ற ஒரு சதுரப் பாறை. இடித்து எரிக்கப்பட்டதுடன் அவளின் கதை முடிகின்றது. 1887இல் ஜேர்மன் அறிஞர் வெல்ஹவுசன், யாகூத்தின் நிலவியல் அகராதியில் எஞ்சியிருந்த இந்நூலின் பகுதிகளைக் கொண்டே அராபியப் பழஞ்சமயத்தைப் பெருமளவில் மீட்டமைத்தார்.

1999இல் வெளிவந்த தமது நூலில் ஜெரால்ட் ஹோட்டிங் இச்சாட்சியையே கூண்டில் ஏற்றினார். குர்ஆன் 'இணைவைப்போர்' எனச் சாடுவது கல்லை வணங்கியோரை அல்ல. தம்மையும் ஏகத்துவவாதிகளாகக் கருதியோரையே என்பது அவரது வாதம். யெமன் கல்வெட்டுகள் இதற்கு ஓரளவு வலுச்சேர்க்கின்றன. 380 அளவிலிருந்தே ஹிம்யர் அரசரின் கல்வெட்டுகளில் பழைய தெய்வங்களின் பெயர்கள் மறைந்துவிடுகின்றன.

வெற்றியாளரின் பிரதியைச் சந்தேகிப்பது அவசியமே. ஆனால் ஹோட்டிங்கின் விசாரணையின் மையமும் பிரதிகள்தான். நூல் பொய்யென நிறுவப்படும்போது, அந்நூலுக்கு வெளியே வாழ்ந்த மனிதர் இரண்டாம் முறையும் காணாமற் போகின்றனர். இதுவே அவரது முறையியலின் பெருங்குறை.

2022இல் வெளியான அஹ்மத் அல்-ஜல்லாத்தின் ஆய்வு வேறிடத்திலிருந்து தொடங்குகின்றது. தென்சிரியா, வடகிழக்கு யோர்தான் ஆகியவற்றின் கரும்பாறைப் பாலைவனத்தில் நாடோடி இடையர் பல்லாயிரக்கணக்கான வாசகங்களைக் கீறிச் சென்றனர். இவை பொதுவாகக் கி.மு. 1 தொடக்கம் கி.பி. 4ஆம் நூற்றாண்டு வரையானவை எனக் கணிக்கப்படுகின்றன. இங்கும் லாத் இருக்கின்றாள். ஆனால் இடிக்கப்படவேண்டிய பாறையாக அல்ல. பாதுகாப்புத் தா, கொள்ளையில் பொருள் தா, என் எழுத்தை அழிப்பவனைக் குருடாக்கு என்று மனிதர் அவளிடம் கேட்கின்றனர். பலி கொடுக்கின்றனர், இறந்தவருக்காகத் துக்கிக்கின்றனர்.

இவையும் முழுமையான சாட்சியங்கள் அல்ல. எழுதியோர் பெரும்பாலும் ஆண்கள். வாசகங்கள் சூத்திரம்போற் சுருங்கியவை. காலத்தாலும் தூரத்தாலும் மக்காவிலிருந்து விலகியவை. இவற்றை அப்படியே ஏழாம் நூற்றாண்டு ஹிஜாஸுடன் ஒட்டவைப்பது வெல்ஹவுசனின் தவறை மறுபடி செய்வதாகும்.

ஆயினும் விசாரணையின் ஒழுங்கை இக்கற்கள் மாற்றிவிட்டன. இனி அல்-கல்பியைக் கொண்டு இக்கற்களை விளக்குவதல்ல, இக்கற்களைக் கொண்டு அல்-கல்பியைக் கேள்வி கேட்பதே முறை. தோற்றவர் தம் கையால் எழுதியது கிடைத்திருக்கும்போது, வென்றவர் சொன்னது மெய்யா பொய்யா என்று மட்டும் வாதிட்டுக்கொண்டிருப்பது ஆய்வாகாது.