இரண்டாவது குண்டு

காயமுற்ற விலங்கைத் துடிக்க விடாது கொன்றுவிடுவதே வேட்டுவனின் அறம் என்பர். அவ்வறத்தின் விலை யாது, அதனைச் செலுத்துபவர் யார் என்னும் வினாக்களை எழுப்புவது, 1939ஆம் ஆண்டில் புலிற்சர் பரிசு பெற்ற, மார்ஜரி கின்னன் ரோலிங்ஸின் 'த இயர்லிங்' என்னும் அமெரிக்க நாவல்.

புளோரிடாக் காட்டிடையே வாழும் ஏழை உழவன் பென்னியைப் பாம்பு தீண்டுகிறது. ஈரல் நஞ்சை ஈர்க்கும் என நம்பிப் பெண்மானொன்றைச் சுடுகிறான். தாயிழந்த கன்றை மகன் ஜோடி வளர்க்கிறான். வெள்ளத்தில் விளைவிழந்த அக்குடும்பத்தின் இளஞ்சோளப் பயிரை அம்மான் மேய்கிறது. உயர்த்திய வேலியையும் தாண்டுகிறது. படுக்கையிற் கிடக்கும் தந்தை சுடும்படி பணிக்கிறான்; சிறுவனால் இயலவில்லை. தாய் சுடுகிறாள்; குறி தவறிக் காயம் மட்டுமே படுகிறது. குற்றுயிராய் ஓடும் மானைத் தொடர்ந்து சென்று இறுதிக் குண்டைச் செலுத்தவேண்டியவன் ஜோடியே.

இரண்டாவது குண்டு கருணையே, ஐயமில்லை. ஆயின், அக்கருணை முதற்குண்டை நியாயப்படுத்திவிடாது. பொழுதுபோக்கிற்காகச் சுட்டுவிட்டுப் பின் இரக்கம் பேசும் வேட்டைப்பிரியரையும், ஆண்டு முழுதும் உண்ண இச்சோளத்தையே நம்பிய உழவரையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. வீட்டைவிட்டு ஓடிய ஜோடி, தானே பட்டினி கிடந்து பசியின் கொடுமையை உணர்வதாகக் காட்டியமை ஆசிரியையின் யதார்த்த நோக்கிற்குக் கிடைத்த வெற்றி எனலாம்.

எனினும், இத்துயரைச் சிறுவன் ஆளாகும் படியாகவும் வாழ்வின் மாறா விதியாகவும் கண்டு அமைந்துவிடுவது நாவலின் குறையே. ஒரு போகம் பொய்த்ததும் பட்டினி வாசலுக்கு வரும் வாழ்வு விதியன்று, சமுதாய நிலைமை. மானைக் கொன்றவர் யார் என்பதை நாவல் சொல்லுகிறது. சிறுவனின் கையில் துப்பாக்கியைத் திணித்தது எது என்பதை, இந்நாவலைக் கற்பிப்போரும் கற்போரும் கேட்டாகவேண்டும்.